பெகு பக்கம் ஒரு கோயில் மண்டபம்: செங்கல்லைத் தள்ளிப் பார்த்து எடுத்த முடிவு

பழைய செங்கல் கட்டடம் நிறைய பேர் கையில இருக்கு, நிலநடுக்கத்துக்கு அப்புறம் இடிக்கலாமா வைக்கலாமான்னு தெரியாம நிக்கிறாங்க, அவங்களுக்கு உதவட்டும்னு இதை எழுதுறேன். ஆளுங்க பேரோ கோயில் பேரோ போடல, நடந்தது அப்படியே இருக்கு, நாங்க பண்ணின தப்பும் சேர்த்துத்தான்.

மண்டபம் எது, எப்படிப்பட்டது

பர்மாவுல (மியான்மர்), பெகுல இருந்து டாங்கூ போற ரயில் பாதை ஓரம் ஒரு சின்ன ஊர். முன்னாடி வயல் வேலைக்கும் ரயில் வேலைக்கும் வந்த நம்ம ஆளுங்க பிள்ளைங்க இன்னைக்கும் ஒரு அறுபது குடும்பம் அங்க இருக்காங்க. அம்மன் கோயிலை ஒட்டி அன்னதான மண்டபம், 60 அடி நீளம் 30 அடி அகலம், பதினஞ்சு அடி உயரச் சுவர், சுவர் ஒன்றரை அடி கனம். இரும்பு, கான்கிரீட் எதுவும் கிடையாது, செங்கல்லும், சுண்ணாம்பும் சுர்க்கியும் (செங்கல் தூள்) சேர்ந்த கலவையும் மட்டும்தான், மேல தேக்குக் கைமரம், தகரக் கூரை. 1930 மே 5-ஆம் தேதி பெகுவை அடிச்ச நிலநடுக்கத்துல முன்னாடி இருந்த மண்டபம் விழுந்துடுச்சு, அதுக்கப்புறம் கட்டினது இதுன்னு பெரியவங்க சொல்வாங்க.

2025 மார்ச் 28, வெள்ளிக்கிழமை, மத்தியானம் 12:50. பர்மா நடுவுல வடக்கு தெக்கா ஓடுற சகாயிங் நிலப்பிளவு 7.7 அளவுக்கு அதிர்ந்துச்சு, மண்டலே பக்கம் ஆரம்பிச்சு வடக்கும் தெக்குமா, அதிகமா தெக்கால, மொத்தம் நானூறு கிலோமீட்டருக்கு மேல நிலம் ரெண்டா பிரிஞ்சு பக்கவாட்டுல நழுவிருக்கு. மண்டலே பக்கம் ஐராவதி ஆத்துக்கு மேல 1934-ல திறந்த ஆவா பாலமே ஆத்துல விழுந்துச்சு. எங்க மண்டபம் விழல. வெள்ளிக்கிழமை பூசை முடிஞ்சு உள்ள சாப்பிட்டுட்டு இருந்தவங்க எல்லாரும் வெளிய ஓடி வந்துட்டாங்க, யாருக்கும் அடி இல்ல.

முதல் தடவை போய்ப் பார்த்தது

ஏப்ரல் முதல் வாரம் யாங்கோன்ல இருந்து நானும் என்கூட வேலை பார்க்கிற சின்னப் பையன் ஒருத்தனும் போனோம். ஜன்னலுக்கும் ஜன்னலுக்கும் நடுவுல தூண் மாதிரி நிக்கிற சுவர்த் துண்டுகள்ல குறுக்கால எக்ஸ் போட்ட மாதிரி வெடிப்பு. இது ஷியர் வெடிப்பு. நிலம் இடமும் வலமும் ஆட்டும்போது சுவரோட மேல் பாதி ஒரு பக்கம், கீழ் பாதி இன்னொரு பக்கம் போகப் பார்க்குது, சீட்டுக்கட்டை மேல கை வச்சுத் தள்ளினா சீட்டு ஒண்ணுமேல ஒண்ணு நழுவும்ல அந்த மாதிரி, அப்ப மூலைக்கு மூலை இழுவை வந்து சுவர் கிழியுது, திரும்ப எதிர்ப்பக்கம் ஆட்டும்போது இன்னொரு மூலைல கிழியுது, அதான் எக்ஸ்.

வடக்குச் சுவர்ல வெடிப்பு சில இடத்துல செங்கல்லையே உடைச்சுட்டுப் போயிருந்துச்சு. தெக்குச் சுவர்ல படிக்கட்டு மாதிரி கலவை வழியாவே இறங்கியிருந்துச்சு, ஒரு கல்லுகூட உடையல. கல்லை உடைச்சிருந்தா கலவைக்குப் பிடிப்பு இருக்குன்னு அர்த்தம், கல்லைச் சுத்திக்கிட்டுப் போனா கலவை விட்டுக்கொடுத்துடுச்சுன்னு அர்த்தம். நோட்டுல ரெண்டையும் எழுதிட்டேன், ஆனா அப்ப அதுக்கு வேண்டிய கனம் கொடுக்கல, அதை அப்புறம் சொல்றேன்.

கோயில் கமிட்டித் தலைவர் ஐயா முதல்ல கேட்டது ஒண்ணே ஒண்ணு. "தம்பி, பதினொண்ணாம் தேதி பங்குனி உத்திரம், ஐநூறு பேருக்கு இலை போடணும், உள்ள உக்கார வைக்கலாமா?"

"வேண்டாங்கய்யா, வெளிய பந்தல் போட்டுக்கங்க. பின்அதிர்வு இன்னும் வந்துக்கிட்டே இருக்கு, சுவர்ல எவ்வளவு பலம் மிச்சம்னு எனக்கே தெரியாது"ன்னேன். அவருக்கு மனசு கேக்கல, அந்த மண்டபத்துல இலை போடாம உத்திரம் நடந்ததே இல்லையாம், இருந்தாலும் கேட்டுக்கிட்டார். தெக்குச் சுவருக்கு அன்னைக்கே மூங்கில் முட்டுக் கொடுத்தோம்.

எந்த டெஸ்ட், ஏன்

கமிட்டில ரெண்டு கட்சி. இளவட்டங்க, இடிச்சுட்டு கான்கிரீட் தூண் போட்டுப் புதுசா கட்டிடலாம்னாங்க. பெரியவங்க, வெடிப்பை சிமெண்டு வச்சு அடைச்சுப் பூசிட்டா போதும்னாங்க. ரெண்டு பக்கமும் சுவரைக் கண்ணால பார்த்துப் பேசுறாங்க. செங்கல் சுவர் நிலநடுக்கத்துல நிக்கிறதும் விழுறதும் கல்லுக்கும் கலவைக்கும் நடுவுல இருக்கிற பிடிப்பும், மேல இருக்கிற எடை கொடுக்கிற உரசலும் சேர்ந்துதான், அது பூச்சுக்கு உள்ள இருக்கு.

மூணு வழி இருந்துச்சு. முதல் வழி, நாலடிக்கு நாலடி சுவர்த் துண்டை மூலைக்கு மூலை அமுக்கி உடைச்சுப் பார்க்கிறது. நல்ல டெஸ்ட், ஆனா அவ்வளவு பெரிய துண்டை வெடிச்ச சுவர்ல அறுத்து எடுத்தா சுவரே வந்துடும், வேண்டாம்னு விட்டோம். ரெண்டாவது, மூணு கல்லை ஒண்ணுமேல ஒண்ணு ஒட்டி நடுக்கல்லை மட்டும் தள்ளிப் பார்க்கிற முக்கல் டெஸ்ட், ஐரோப்பாக்காரங்க ஈஎன் 1052-3ன்னு வச்சிருக்கிறது. இது புதுக் கலவைக்கு நல்லது, பழைய சுவருக்குள்ள இருக்கிற கலவையைப் பத்தி எதுவும் சொல்லாது. மூணாவது, சுவர்லயே ஒரு கல்லைத் தள்ளிப் பார்க்கிறது, அமெரிக்காக்காரங்க ஏஎஸ்டிஎம் சி1531ல சொல்ற முறை, நாங்க தள்ளு டெஸ்ட்னு சொல்வோம். பழைய சுவருக்கு இது, ரிப்பேர் கலவை தேர்ந்தெடுக்க முக்கல் டெஸ்ட்னு முடிவு பண்ணினோம்.

தள்ளு டெஸ்ட் இப்படித்தான். பூச்சை உரிச்சு நல்ல கல் ஒண்ணு பார்த்துக்கணும். அதுக்கு இடப்பக்கம் இருக்கிற கல்லை அலுங்காம எடுத்துடணும், அந்தப் பொந்துல ஜாக்கி உக்காரும். வலப்பக்கம் நெட்டுக்குத்தா இருக்கிற கலவையை முழுசா சுரண்டி எடுத்துடணும், கல் நகர அங்க இடம் வேணும். இப்ப கல்லைப் பிடிச்சிருக்கிறது மேல ஒரு கலவை, கீழ ஒரு கலவை. ஜாக்கிக்கு ரெண்டு பக்கமும் இரும்புத் தகடு வச்சு கைப்பம்புல மெதுவா ஏத்தணும், கல்லு மூஞ்சில டயல் கேஜ் (நகர்வை அளக்கிற முள்ளுக் கருவி) ஒட்டியிருக்கும், முள்ளு ஆடி கல் நழுவ ஆரம்பிக்கிற நிமிஷம் பம்புல எத்தனை பார் (அழுத்தத்தோட அளவு) காட்டுதோ அதைக் குறிச்சுக்கணும்.

எங்க ஜாக்கி பிஸ்டன் 6.4 சதுர சென்டிமீட்டர். கல்லு 22.5க்கு 11 சென்டிமீட்டர், மேல் முகம் கீழ் முகம் சேர்த்து 495 சதுர சென்டிமீட்டர். 230 பார்ல நழுவினா ஆயிரத்தைநூறு கிலோ, அதை 495ஆல வகுத்தா சதுர சென்டிமீட்டருக்கு 3 கிலோ. இதுல மேல இருக்கிற சுவரும் கூரையும் அமுக்கிற அமுக்கு, இங்க சுமார் 0.8 கிலோ, அதைக் கழிச்சா 2.2, அதுதான் கலவையோட சொந்தப் பிடிப்பு. அதையும் முழுசா எடுத்துக்கக் கூடாது, கனமான சுவர்ல கல்லுக்குப் பின்பக்கமும் கலவை ஒட்டியிருக்கும், அதுவும் கொஞ்சம் தாங்கும், அதுக்காக முக்கால் பங்குன்னு குறைச்சுக்கணும்.

ஆறு இடம், ஒரு சராசரி

திஞ்யான் தண்ணித் திருவிழா லீவு முடிஞ்சு ஏப்ரல் கடைசில ஆறு இடத்துல தள்ளினோம். வடக்குல 230, 210 பார். கிழக்குல 250. மேக்குல 220. தெக்குல ஒரு இடம் 410, இன்னொரு இடம் 90.

பையன் ராத்திரியே ரிப்போர்ட் அடிச்சுட்டான். ஆறையும் கூட்டி ஆறால வகுத்து 235 பார், சுவர் நல்லா இருக்கு, வெடிப்பை மட்டும் அடைச்சாப் போதும்னு. நானும் களைப்புல படிச்சுட்டு கையெழுத்து போடப் பேனாவைத் திறந்துட்டேன். இதை மறைக்காம எழுதணும்னுதான் இந்தக் கட்டுரையே. 410ம் 90ம் ஒரே சுவர்ல பத்தடி தள்ளி இருக்கு, ஒரே கொத்தனார், ஒரே கலவை, நாலு மடங்குக்கு மேல வித்தியாசம் எப்படி வரும்னு அப்பதான் உறைச்சுது.

காலைல திரும்பப் போய் தள்ளின ஆறு கல்லையும் வெளிய எடுத்தோம். எங்ககூட வந்த பர்மாக்காரக் கொத்தனார், இங்க பன்யான் சயான்னு கூப்பிடுவோம், அவர்தான் ஒவ்வொண்ணா உருவித் துணிமேல வரிசையா வச்சார். 410 காட்டின கல்லோட வலது ஓரத்துல, நாங்க முழுசா சுரண்டிட்டோம்னு நினைச்ச இடத்துல, உள்பக்கமா ரெண்டு விரல் அகலத்துக்குக் கலவை மிச்சம் இருந்து நசுங்கிப் போயிருந்துச்சு. அதாவது ஜாக்கி அந்தக் கல்லை மட்டும் தள்ளல, கலவை வழியா பக்கத்துக் கல்லையும், அதுக்குப் பின்னாடி இருக்கிற சுவரையும் சேர்த்துத் தள்ளியிருக்கு. அந்த நம்பர் கலவையோட நம்பரே இல்ல.

அதைவிட முக்கியமானது நழுவின முகம். வடக்குச் சுவர்க் கல்லுல கலவை பாதி கல்லோட, பாதி சுவரோட கிழிஞ்சு நின்னுச்சு, சொரசொரன்னு வெள்ளையும் சிவப்பும் கலந்து, நகத்தால கீறினா கீறல் விழல. தெக்குச் சுவர்க் கல்லைத் திருப்பினா கலவை இல்ல, பொடி. சிவப்பா, ஈரமா, மஞ்சப்பொடி டப்பாவுக்குள்ள விரல் விட்டா ஒட்டுமே அந்த மாதிரி விரல்ல ஒட்டுச்சு. சயா ஊதினார், பறந்துடுச்சு.

தெக்குல ரெண்டு வரிசை கீழ, இந்தத் தடவை ஹேக்ஸா பிளேடு விட்டு வலப்பக்கத்தை முழுசா அறுத்துட்டு, மறுபடி தள்ளினோம். 80 பார். எடையைக் கழிச்சா பிடிப்பு கால் கிலோ.

ஏன் தெக்குச் சுவர் மட்டும்

தெக்குப் பக்கம்தான் இங்க மழை அடிக்கிற பக்கம், கூரைத் தண்ணியும் அங்கதான் ஒழுகுது. அது எப்பவும் இருந்ததுதான். முன்னாடி கமிட்டி ஒண்ணு, சுவர் அழுக்கா இருக்குன்னு நல்ல எண்ணத்துல அந்தச் சுவருக்கு மட்டும் வெளிப்பக்கம் சிமெண்டுப் பூச்சு பூசியிருக்காங்க. சுண்ணாம்புச் சுவர் தண்ணியைக் குடிக்கும், வெயில்ல திருப்பி விட்டுடும். மேல சிமெண்டு பூசினா வெடிப்பு வழியா உள்ள போற தண்ணி வெளிய வர வழியில்லாம உள்ளேயே நிக்கும், வருஷா வருஷம் சுண்ணாம்பைக் கரைச்சுக்கிட்டே இருக்கும். வெளிய பார்த்தா நாலு சுவர்லயும் அதுதான் பளிச்சுன்னு இருந்துச்சு.

நாங்க கல்லை உருவிட்டு இருக்கும்போது மண்டபத்துல சமைக்கிற அக்கா வந்து பார்த்துட்டு, "இந்தச் செவப்புத் தூளா? மழைக்காலத்துல இந்த மூலைல தெனமும் கூட்டி அள்ளுறேனே, எலி தோண்டுதுன்னு நெனச்சேன்"னாங்க. பல வருஷமா அவங்க கூட்டி அள்ளினது அந்தச் சுவரோட கலவை.

மழைக்குக் காத்திருந்தது

கணக்குப் போட்டோம். சுவரும் கூரையும் சேர்த்து சுமார் 165 டன், அதுல முப்பது சதவீதம் பக்கவாட்டு விசைன்னு எடுத்தா நீளச் சுவர்ல சதுர சென்டிமீட்டருக்கு அரைக் கிலோ ஷியர் வரும். எல்லாத் தள்ளுபடியும் போக வடக்குச் சுவர் 1.2 தாங்கும். தெக்குச் சுவர் அரை. அதாவது வர்றதும் தாங்குறதும் ஒண்ணு, கையிருப்பே இல்ல.

கமிட்டி உடனே வேலை ஆரம்பிக்கச் சொன்னாங்க. நான் ஆடி மாசம் ஒரு தடவை தள்ளிப் பார்த்துட்டு முடிவு சொல்றேன்னேன், ஏன்னா இதுவரை தள்ளினது எல்லாம் வருஷத்துலயே காய்ஞ்ச மாசத்துல. சிலருக்குக் கோபம், அதுல நியாயமும் இருக்கு. ஆனா மழை நேரத்துல சுவரைப் பிரிச்சு வேலை செய்ய முடியாது, எப்படியும் ஐப்பசி வரை காத்திருக்கணும், அந்த நேரத்தை வீணாக்காம இருக்கலாம்னு சொல்லிப் புரிய வச்சோம். மண்டபத்தைப் பூட்டியே வச்சோம்.

ஆடில மூணு நாள் விடாம பெய்ஞ்ச மழைக்கு அப்புறம் தெக்குல தள்ளினப்போ 60 பார். கணக்குப் போட்டா சதுர சென்டிமீட்டருக்கு 0.8 கிலோ, மேல இருக்கிற எடையும் 0.8 கிலோ. பிடிப்பு சுழி. ஈரத்துல அந்தச் சுவர் கலவையால நிக்கல, தன் எடையால வெறுமனே அடுக்கி வச்ச கல்லு மாதிரி நிக்குது. வடக்குச் சுவர் அதே மழையில 200 காட்டுச்சு.

அன்னைக்குத்தான் முடிவு தெளிவாச்சு. மண்டபத்தை இடிக்க வேண்டாம், மூணு சுவர் நல்லாவே இருக்கு. தெக்குச் சுவரை ரிப்பேர் பண்ணவும் வேண்டாம், பிரிச்சுக் கட்டணும்.

கலவை தேர்ந்தெடுத்தது

யாங்கோன்ல ஒரு லேப்ல இடம் வாங்கி முக்கல் டெஸ்ட் பண்ணினோம். தெக்குச் சுவர்ல எடுத்த பழைய கல்லையே சுத்தம் பண்ணி, ஒரு பங்கு சிமெண்டு ஆறு பங்கு மணல்ல ஒம்பது, ஒரு பங்கு சிமெண்டு ஒரு பங்கு சுண்ணாம்பு ஆறு பங்கு மணல்ல ஒம்பது. பக்கவாட்டு அமுக்கு 1, 3, 5 கிலோன்னு மூணு நிலை, நிலைக்கு மூணு. அமுக்கு கூடக்கூட நடுக்கல்லைத் தள்ள வேண்டிய விசையும் கூடும், புள்ளிகளை வச்சு ஒரு கோடு இழுத்தா அது அமுக்கு இல்லாத இடத்துல எங்க வெட்டுதோ அது பிடிப்பு, கோட்டோட சரிவு உரசல்.

சிமெண்டு மட்டும் போட்டது பிடிப்பு 1.0, சுண்ணாம்பு சேர்த்தது 2.6. உரசல் ரெண்டுக்கும் கிட்டத்தட்ட 0.7. சிமெண்டு மட்டும் போட்ட கல்லுல நடுக்கல் சுத்தமா கழண்டு வந்துச்சு, கலவை ஒட்டின அடையாளமே இல்ல, துடைச்சு வச்ச மாதிரி.

இங்க ஒரு தப்பு நடந்துபோச்சு. சுண்ணாம்புக் கலவைக்குக் கல்லை ராத்திரி பூரா ஊறப் போட்டாங்க, சிமெண்டுக் கலவைக்குக் காய்ஞ்ச கல்லையே வச்சுட்டாங்க. ரெண்டையும் ஒரே நேரத்துல மாத்தினதால வித்தியாசம் கலவையால வந்ததா, ஊறப்போட்டதால வந்ததான்னு அந்த டெஸ்ட்டை வச்சுப் பிரிச்சுச் சொல்ல முடியாது. காய்ஞ்ச பழைய கல்லு கலவைத் தண்ணியை உறிஞ்சிடும், சிமெண்டு இறுக வழியில்லாமப் போகும், அதனால ஊறப்போட்டதுக்குப் பெரிய பங்கு இருக்கும்னுதான் நான் நினைக்கிறேன். பணமும் நாளும் இல்லாததால திரும்பப் பண்ணல. சுண்ணாம்பு சேர்த்த கலவை, ஊறின கல்லு, ரெண்டையும் சேர்த்தே ரூலா வச்சுக்கிட்டோம்.

வேலை

ஐப்பசில ஆரம்பிச்சு தைல முடிஞ்சது. கூரையை முட்டுக் கொடுத்துத் தூக்கி நிறுத்தி, தெக்குச் சுவரைப் பகுதி பகுதியா பிரிச்சு அதே கல்லை வச்சுக் கட்டினோம். சுவர் தலைல நாலு பக்கமும் கான்கிரீட் பெல்ட் ஓட்டி கைமரங்களை அதுல போல்ட் போட்டோம், ஏன்னா சுவர் ஷியர்ல தாங்கினாலும் வெளிப்பக்கமா சாய்ஞ்சு விழலாம், அதுக்கு டெஸ்ட் பதில் சொல்லாது. வடக்குச் சுவர் வெடிப்புகள்ல சுண்ணாம்புக் குழம்பு ஏத்தினோம். தெக்குக் கூரைக்குத் தண்ணித் தாரை போட்டு, வெளிய சிமெண்டுப் பூச்சுக்குப் பதிலா சுண்ணாம்புப் பூச்சு. செலவு, புதுசா கட்ட கமிட்டி வாங்கியிருந்த மதிப்பீட்டுல பாதிக்குக் கொஞ்சம் மேல.

ரெண்டு மாசம் ஆறின பகுதில நாலு இடம் தள்ளினோம். 260, 240, 275, 180. 180 காட்டின கல்லை உடனே உருவினோம், அடி முகத்துல பாதிக்குக் கலவை ஒட்டவே இல்ல. சயா பார்த்துட்டுத் தானே சொன்னார், அன்னைக்கு மத்தியானம் ஊறப்போட்ட கல்லு தீர்ந்துபோச்சு, சாயங்காலம் வரை காய்ஞ்ச கல்லு வச்சாங்கன்னு. தேவைக்கு அந்த 180 போதும், பிரிக்கல. அந்த நாள் கட்டின பகுதி எதுன்னு வரைபடத்துல சிவப்பு மையால குறிச்சு கமிட்டி கையில கொடுத்துட்டோம்.

ஒண்ணு மட்டும் எதிர்பார்க்கல. பழைய கிழக்குச் சுவரும் புதுத் தெக்குச் சுவரும் சேர்ற மூலைல நூல் மாதிரி ஒரு வெடிப்பு வந்திருக்கு. புதுக் கலவை சுருங்கினதுல வந்திருக்கலாம். மேல கண்ணாடித் துண்டு ஒட்டித் தேதி போட்டிருக்கோம், இதுவரை கண்ணாடி உடையல.

திரும்பச் செஞ்சா எதை மாத்துவேன்

படிக்கட்டு வெடிப்பைப் பார்த்த அன்னைக்கே தெக்குச் சுவர்ல மூணு இடம் எடுத்திருக்கணும், நாலு சுவருக்கும் பங்கு போட்டதுதான் சராசரிங்கிற எண்ணத்தையே கொண்டுவந்துச்சு. ஒவ்வொரு சுவருக்கும் தனி நம்பர், சராசரி எடுக்குற பேச்சே கிடையாதுன்னு இப்ப எங்க ஃபாரத்துலயே எழுதிட்டோம். தள்ளின கல்லை அங்கேயே உருவி ரெண்டு முகத்தையும் போட்டோ எடுத்து ஒட்டாம ரிப்போர்ட்ல நம்பர் ஏறக்கூடாது. வலப்பக்க ஜாயின்டை அறுத்ததும் மெல்லிசு கம்பி ஒண்ணை விட்டுப் பின்னாடி வரை போகுதான்னு பார்க்கணும், பத்து செகண்டு வேலை, அதைப் பண்ணியிருந்தா 410 வந்தே இருக்காது. முக்கல் டெஸ்ட்ல ஒரு தடவைக்கு ஒண்ணை மட்டும்தான் மாத்தணும். அப்புறம், சுவரைத் தட்டுறதுக்கு முன்னாடி அங்க தெனமும் கூட்டிப் பெருக்குறவங்ககிட்ட உக்காந்து பேசணும். அந்த அக்காகிட்ட முதல் நாளே கேட்டிருந்தா எந்தச் சுவர்னு அஞ்சு நிமிஷத்துல தெரிஞ்சிருக்கும்.

தெக்குச் சுவர் உள்பக்கம், அடுப்படி மூலைல, ரெண்டு கல்லுக்குப் பூச்சு பூசாம விட்டிருக்கோம், சுத்தி மஞ்சள் பெயிண்டு அடிச்சு. வர்ற ஆடி மழையில ஜாக்கியோட போய் அதுல ஒண்ணைத் தள்ளிப் பார்க்கிறதா கமிட்டிகிட்ட சொல்லியிருக்கோம். அக்கா அந்த மூலையைத் தெனமும் கூட்டிட்டுத்தான் இருக்காங்க, இதுவரை தூள் விழலையாம்.